மதினி பேசிய என் பேச்சு

என் பழைய செல்போனில் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. மூலையில் திரை உடைந்து, சார்ஜரில் செருகி வைத்தால் மட்டும் உயிர் வருகிற போன் அது. பதிவை ஓட விட்டால் முதலில் சாக்கு உரசும் சத்தம் கேட்கும். தெருவில் ஒரு ஜீப்பு பின்பக்கமாக வரும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு என் குரல். ஏலப்பூவைப் பற்றி ஒரு வரி சொல்கிறேன். சொல்லி முடித்துவிட்டு, "ம்... இப்ப நீங்க சொல்லுங்க மதினி" என்கிறேன். மதினி சிரிக்கிறார். சிரித்து முடித்து அதே வரியைச் சொல்லப் பார்த்து, பாதியில் கோயம்புத்தூர்ப் பேச்சு வந்துவிட, மறுபடியும் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். இரண்டு பேர் அவ்வளவு பிரியமாகச் சிரிப்பதை இப்போது கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

மதினி என்றால் என் பெரியப்பா மகனுடைய மனைவி. அவர் நடந்துகொண்டதற்கு 'அவள், இவள்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் விரல் 'அவர்' என்றுதான் எழுதுகிறது. வளர்ப்பு அப்படி. பூச்சியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், அண்ணனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து போடிக்கு வந்தார். கல்யாணத்தன்று ஊரே மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெண்ணின் படிப்பைப் பற்றித்தான் பேசியது. ஏலக்காயைப் பரிசோதித்துச் சான்று தரும் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. நாங்கள் சிலமலையில் இருந்தோம், பெரியப்பா வீடு போடியில். நான் மதுரையில் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேலையும் இல்லாமல் வரனும் அமையாமல் வீட்டில் இருந்த காலம் அது. எனக்குப் பேச ஆளில்லை. மதினிக்கும் போடியில் பேச ஆளில்லை. சாயங்காலமானால் பஸ்சைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் என்னை வீட்டார் கூப்பிடுகிற மாதிரியே 'பாப்பா' என்று கூப்பிடுவார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சரிவில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஏலத்தோட்டம் உண்டு. பாத்தியம் தனித்தனி, வேலி தனித்தனி. ஆனால் காய் எடுத்து, உலர்த்தி, சலித்து, போடிக்குக் கொண்டுவந்த பிறகு எல்லாம் ஒன்றுதான். இரண்டு பேர் காயையும் குடோனில் ஒன்றாகக் கொட்டிக் கலந்து ஒரே லாட்டாக ஏலத்துக்கு அனுப்புவார்கள். லாட்டு பெரிதாக இருந்தால்தான் வியாபாரி திரும்பிப் பார்ப்பான். அது போவது பெரியப்பா பதிவில். ஏலக் கூடத்தில் கைமாறும் சாம்பிள் பாக்கெட்டில் பெயர் எதுவும் இருக்காது, லாட் நம்பர் மட்டும் இருக்கும். வியாபாரி பிரித்துப் பார்ப்பான், ஒரு காயை நசுக்கி மோந்து பார்ப்பான், மிச்சத்தைத் தரையில் போடுவான். சின்னப் பிள்ளையில் அப்பாவோடு போகும்போது அந்தத் தரையில் காலுக்கடியில் காய் நொறுங்குகிற சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தக் காய் எங்கள் சரிவில் விளைந்தது, எது பெரியப்பா சரிவில் விளைந்தது என்று யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்பதே அசிங்கம் என்று நினைக்கிற வீட்டில் நான் வளர்ந்தேன்.

நானும் மதினியும் சேர்ந்து ஆடியோ செய்ய ஆரம்பித்தது பெரியப்பாவின் கோபத்திலிருந்து. வெளிநாட்டுக்குப் போன ஒரு லோடு, காயில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டதாக ஊரில் பேச்சு. எங்கள் காய் இல்லை, ஆனாலும் அடுத்தது நம்முடையதாக இருக்குமோ என்று எல்லோருக்கும் பயம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பெரியப்பா, "பத்து லட்சத்துல ஒரு பங்காம்ல. இம்புட்டுப் பொடிக்குப் போயா லோடைத் திருப்புவாக? வெள்ளக்காரன் வேணும்னே பண்றான்" என்று கத்திக்கொண்டிருந்தார். மதினி அவருக்குச் சொல்லிப் பார்த்தார். அளவு, வரம்பு, கருவியின் நுட்பம் என்று அவர் சொல்லச் சொல்லப் பெரியப்பாவுக்குக் கோபம்தான் ஏறியது. நான் சும்மா இருக்க மாட்டாமல், "பெரியப்பா, ஒரு மூடை அரிசியில ஒரே ஒரு கல்லு கெடந்தாலும் அது உங்க பல்லுல மாட்டுனா சோத்தைத் துப்புவீகளா மாட்டீகளா? அவுக மூடைய அளக்கல, கல்லத்தான் தேடுறாக" என்றேன். பெரியப்பா, "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். மதினி அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, இப்படிச் சொல்ல எனக்கு வராது. இதை எழுது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்வோம்" என்றார். யாரும் அதுவரை என்னிடம் 'எழுது' என்று சொன்னதில்லை.

எழுதினேன். விவசாயிகளும் காய் எடுக்கும் பெண்களும் போனில் கேட்கிற மாதிரி, சின்னச் சின்னப் பேச்சுகள். யார் பேசுவது என்ற கேள்வி வந்தபோது நான் பேசுவதாகத்தான் இருந்தது. அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "வயசுப் பிள்ளை கொரலு ஊரெல்லாம் கண்டவன் போனுல சுத்துறதா? நாளைக்கு மாப்பிள்ளை பாக்க வர்றவன் என்ன நெனைப்பான்? கல்யாணம் ஆனவுக பேசட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் மதினி பேசுவதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர் சொன்னால் ஊர் கேட்கும் என்றும் தோன்றியது. ஆகவே வார்த்தை என்னுடையது, குரல் அவருடையது என்று ஆனது. எங்கள் குடோனில் ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்வோம். சுற்றிலும் மூட்டை இருந்தால் எதிரொலி வராது. அந்த வாசனையில் சற்று நேரம் பேசினாலே தொண்டை குளிர்ந்துபோகும்.

அவருக்கு எங்கள் பேச்சு வராது. 'சீக்கிரம்' என்பார், 'வெரசா'ன்னு சொல்லுங்க என்பேன். 'வேலை' என்பார், 'சோலி' என்று திருத்துவேன். ஒவ்வொரு வரியையும் நான் முதலில் சொல்வேன், இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. அவர் அதைக் கேட்டுச் சொல்வார். நான் சொன்னதை அழித்துவிட்டு அவர் சொன்னதை வைத்துக்கொள்வோம். பெயர் போட வேண்டாம் என்பது என் யோசனைதான். சாம்பிள் பாக்கெட்டு மாதிரி நம்பர் மட்டும் இருக்கட்டும் என்றேன். மதினிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அறிவியல்ல ஆள் முக்கியமில்ல பாப்பா, விஷயம்தான் முக்கியம்" என்றார். ஒவ்வொரு ஆடியோவும் 'வணக்கம், இன்னைக்கு லாட்டு ஒண்ணு', 'இன்னைக்கு லாட்டு ரெண்டு' என்றுதான் ஆரம்பிக்கும். கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

தேனீ பற்றிய ஆடியோவுக்காக நான் மேலே போனேன். விடிவதற்கு முன்னால் சிலமலையிலிருந்து காய் எடுக்கிற பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் இடுக்கிக்கொண்டு போய், மழைத் தூறலில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓர் ஏலச்செடியின் தட்டையடியில் உட்கார்ந்தேன். ஏலப்பூ தரையோடு படர்ந்த சரத்தில் பூக்கும், குனிந்தால்தான் தெரியும். வெயில் லேசாக எட்டிப் பார்த்ததும் தேனீ வந்தது. ஒரு பூவில் உட்கார்ந்து, நுழைந்து, வெளியே வந்து, அடுத்த பூவுக்குப் போனது. உச்சிப்பொழுதுக்கு மேல் வரத்து குறைந்துவிட்டது. மறுநாளும் போய்ப் பார்த்தால் அதே பூ வாடிக் கிடந்தது. எனக்கு ஏலக் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. அட்டை ஏறின காலைச் சொறிந்துகொண்டே அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: "ஏலப்பூ ஒரு நாள் கடை அப்பு. காலையில தெறக்கும், சாயங்காலம் சாத்திரும். தேனீதான் யாவாரி. யாவாரி வர்ற நேரத்துல வாசல்ல மருந்தடிச்சா, காய் எங்கிட்டு இருந்து பிடிக்கும்?" ஜீப்பில் இறங்கி வரும்போது மறந்துவிடக் கூடாதே என்று வாயை மூடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கேலி செய்தார்கள்.

அதுதான் லாட்டு ஏழு. ராசிங்காபுரத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனுக்குப் போன் தாவியது. காலையில் மருந்தடிப்பதைச் சிலர் மத்தியானத்துக்கு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டபோது நானும் மதினியும் குடோனில் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். ஊர் அதை 'டாக்டரம்மா ஆடியோ' என்றது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. சத்தியமாக இல்லை. பஸ்சில் முன் இருக்கையில் யாரோ லாட்டு ஏழைப் போட்டுக் கேட்டால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எனக்குள் சிரித்துக்கொள்வேன். எங்கள் காய் எந்தச் சாக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தேன்.

அறிவியலை மக்களுக்கு எடுத்துச் சொல்வதே ஒரு தொழில், அதற்கென்று உலகம் முழுக்க வேலைகள் இருக்கின்றன என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிய வந்தது. இணையத்தில் எதையோ தேடப்போய் அந்தப் பக்கத்தில் விழுந்தேன். அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கு விளக்குபவர்கள், ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி சொல்வதைச் செய்தித்தாளுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருபவர்கள், வானொலிக்கு நிகழ்ச்சி செய்பவர்கள், பல்கலைக்கழகத்தில் இதையே பாடமாக நடத்துபவர்கள். சாப்பாட்டு நேரத்தில் பெரியப்பாவுக்கு நான் சொன்ன அரிசிக்கல் கதைக்கு ஊர் ஊராகச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு தினமும் தேட ஆரம்பித்தேன். ஒரு நாள் ஐரோப்பாவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்திருந்தது. வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளுக்குப் பூச்சி, மண், மருந்து பற்றி அவர்கள் பேச்சிலேயே சொல்லத் தெரிந்த ஆட்கள் வேண்டும். பட்டம் பெரிதில்லை, செய்து காட்டிய வேலை பெரிது. செய்த வேலைக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும். சாம்பிள் என்ற சொல்லைப் பார்த்ததும் அது எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது.

யாரிடம் ஓடியிருப்பேன்? மதினியிடம்தான். அவர் அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். "நீங்களும் போடுங்களேன் மதினி" என்று நானே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "எனக்கெதுக்கு பாப்பா இந்தக் குளிர் நாடெல்லாம்? உங்கண்ணன் வருவாரா, அத்தை விடுவாங்களா? நீ போடு. இங்கிலீஷ் நான் பார்த்துத் தர்றேன்" என்றார். பார்த்தும் தந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்தினார். லாட்டு ஏழை நான் மொழிபெயர்த்திருந்ததில் ஒரு சொல்லை மாற்றினார், நன்றாகத்தான் இருந்தது. அனுப்பி முடித்ததும் என் தலையில் கை வைத்து, "உனக்குத்தான் கெடைக்கும்" என்றார். அந்தக் கையின் சூடு இன்னும் ஞாபகமிருக்கிறது. அப்போதே அவர் தன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டிருந்தாரா, அதற்குப் பிறகுதான் அனுப்பினாரா என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது அது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதில் வந்தபோது நான் அப்பாவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். மரியாதையான கடிதம். நான் அனுப்பிய மாதிரிகள் வேறொரு விண்ணப்பதாரரும் அனுப்பியவை என்றும், அவற்றில் இருப்பது அவருடைய குரல் என்றும், இன்னொருவர் படைப்பைத் தன்னுடையதாகக் காட்டுகிறவர்களைத் தங்களால் பரிசீலிக்க முடியாது என்றும் இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. யாரோ எங்கள் ஆடியோவைத் திருடி அனுப்பிவிட்டார்கள், மதினியிடம் உடனே சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். நான் எப்பேர்ப்பட்ட மடச்சி என்று பாருங்கள். பெரியப்பா வீட்டு வாசலிலேயே பெரியம்மா என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். "ஒன் மதினிக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு ஆத்தா! பூச்சிய பத்திப் பேசுற வேலையாம்ல. ஒங்கிட்ட இன்னும் சொல்லலையா?" என்றார். லட்டு வாயில் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படியே உள்ளே போனேன்.

மதினி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். அவர் மறுப்பார் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. "சொல்லத்தான் இருந்தேன் பாப்பா" என்றார். "பொய்யா எதுவும் அனுப்பலையே. குரல் என்னுதுதானே? நான் பேசலைன்னா நீ எழுதினதை யார் கேட்டிருப்பாங்க?" என்றார். அது உண்மை, அதனால்தான் அடிபட்ட மாதிரி இருந்தது. "உனக்கு வயசிருக்கு. எனக்கு இது கடைசி பஸ்சு. அந்த லேபுல என்னை யாருக்காவது தெரியுமா? இந்த வீட்டுல சோறு பொங்குறதுக்கா அத்தனை வருஷம் படிச்சேன்?" என்று அழுதார். அவர் அழுகை பொய்யில்லை. ஆனால் என்னைத் திருடி என்று எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். எழுதியது நான்தான் என்று ஒரே ஒரு வரி அவர் எழுதிக் கொடுத்தால் போதும், வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படி எழுதினா என் வேலை போயிரும் பாப்பா" என்றார். அழுகை நின்றுவிட்டிருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார், அவருக்கு விஷயம் புரிந்தது. அரிசிக்கல் கதை யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாதா? அப்பாதான் பேசினார். "நம்ம காயும் அண்ணன் காயும் ஒரே லாட்டுலதான போகுது. எது யாரு காய்னு என்னைக்காவது பிரிச்சிருக்கமா? வீட்டுல ஒருத்தர் போனா வீடே போன மாதிரி. நீ ஏதாச்சும் எழுதி, அந்தப் பிள்ளை வேலையத் தொலைச்சுட்டு வந்து நின்னா, நாளைக்கு அண்ணன் மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?" என்றார். லாட்டுக்கு வருகிற விலையை அவர்கள் பங்கு பிரித்துக்கொள்வார்களே, என் பங்கு எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. 'வயசுப் பிள்ளை கொரல்' என்று அன்றைக்கு என் வாயை அடைத்தவர் அவர்தானே, அவர் அடைத்ததால்தானே இன்றைக்கு என்னிடம் என் குரலே சாட்சிக்கு இல்லை என்று நினைக்க நினைக்க மதினி மேல் இருந்ததைவிட அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. அவர் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐரோப்பாவுக்கு நானே ஒரு பதில் எழுதினேன். முடிவு முடிவுதான் என்று ஒற்றை வரி வந்தது.

போடி ஸ்டேஷனில் எல்லோரும் போய் வழியனுப்பினார்கள். நான் வராவிட்டால் ஊர் பேசும் என்று அம்மா என்னையும் இழுத்துப்போனார். புதிதாக வாங்கின கம்பளிக் கோட்டை மதினி கையில் வைத்திருந்தார், போடி வெயிலில் அது பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. அங்கே இருப்பவர்களுக்குக் கொடுக்க எங்கள் காயில் நல்ல பருமனாகப் பொறுக்கிப் பொட்டலம் கட்டியிருந்தார்கள். அதைச் சுமந்துகொண்டு போய் ரயில் பெட்டியில் வைத்தது நான்தான். மதினி என் காதோடு, "செட்டில் ஆனதும் உன்னையும் கூப்பிட்டுக்கிறேன் பாப்பா" என்றார். கேட்டால் சிரிப்பீர்கள், ரயில் நகரும்போது அதைப் பாதி நம்பினேன். பிறகு அண்ணனும் போய்ச் சேர்ந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் பெரியம்மா போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பெரிய அரங்கம், விளக்கு, மேடையில் மதினி, அந்தக் கோட்டு. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, தமிழில் சொன்னார்: "ஏலப்பூ ஒரு நாள் கடை அப்பு. காலையில தெறக்கும், சாயங்காலம் சாத்திரும்." 'தெறக்கும்' என்பதில் நான் எங்கே அழுத்துவேனோ அங்கேயே அழுத்தினார். கோயம்புத்தூர் துளியும் இல்லை. பிறகு அதை ஆங்கிலத்தில் விளக்கி, எங்கள் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சொல்வார்கள் என்றார். கூட்டம் கைதட்டியது. தலைமுறை தலைமுறையாக! நான் சிலமலையில் உயிரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே என்னை முன்னோராக்கிவிட்டார்கள். தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தால்கூட என் நெஞ்சு ஆறியிருக்கும். யாரோ செத்துப்போனவர்கள் சொன்னது என்று சொல்லி என்னை இல்லாமலே செய்துவிட்டார். பெரியம்மா, "எம்புட்டு அழகாப் பேசுது பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் மதினி எனக்குப் போன் செய்து, இலைப்பேன் என்கிற பூச்சியைப் பற்றிச் சின்னதாக ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பழைய பிரியத்தோடுதான் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குள் ஒரு வரி வந்துவிட்டது, நல்ல வரி. பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

அந்த வரியை நானே பேசுவது என்று முடிவு செய்தது அன்றுதான். அப்பாவிடம் கேட்கவில்லை. குடோனுக்குப் போகவும் பிடிக்கவில்லை. வீட்டிலேயே போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசினேன். 'வணக்கம்' என்று சொல்லி, என் பெயரையும் ஊரையும் அப்பா பெயரையும் சொன்ன பிறகுதான் இலைப்பேனைத் தொட்டேன். வெளிநாட்டு வேலைகளுக்கும் திரும்பப் போட ஆரம்பித்திருக்கிறேன். சாம்பிள் கேட்கிறார்கள், முதல் சாம்பிளாக இதை வைக்கலாம் என்று இருந்தேன். இதற்கிடையே, செத்துக் கிடந்த பழைய போனைப் போடி கடையில் கொடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் உயிர் வந்தது. அதில் நாங்கள் அழிக்க மறந்த ஒரே ஒரு பதிவு இருந்தது, லாட்டு ஏழின் ஒத்திகை. கடைக்காரர் முன்னாலேயே அதைக் காதில் வைத்துக் கேட்டேன். என் குரல் முதலில் வருகிறது, அவர் குரல் பின்னால் வருகிறது. இனி யாரும் என்னைத் திருடி என்று சொல்ல முடியாது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சென்ற வாரம் மேலே போக ஜீப்பில் ஏறினேன். தேனீ பார்க்கப் போன அன்று எனக்குப் பேய் பிடித்ததாகக் கேலி செய்தவர்களில் ஓர் அக்காதான் பக்கத்தில் இருந்தார். என் புது ஆடியோவைக் கேட்டிருக்கிறார். "நல்லாத்தான் இருந்துச்சு ஆத்தா" என்றார். "ஆனா டாக்டரம்மாவ அப்பிடியே காப்பி அடிக்கிறியே. அவுக இழுக்குற மாதிரியே இழுக்குற. ஒனக்குன்னு ஒரு பேச்சு வேணாமா?" பழைய போனையும் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க்கையும் பையிலிருந்து எடுத்து, பதிவைப் போட்டு, அவர் காதில் வைத்தேன். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான வெளங்குது! நீ பாடம் ஒப்பிக்கிற, அவுக திருத்துறாக. எம்புட்டுப் பொறுமையாச் சொல்லிக் குடுத்திருக்காக பாரு, சிரிச்ச முகமா! ஒனக்குக் கொடுத்து வச்சிருக்கு ஆத்தா" என்றார். ஜீப்பிலிருந்த மற்றவர்களும் கேட்க ஆசைப்பட்டார்கள். அந்த அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி, முதலிலிருந்து போட்டார். சாக்கு உரசியது. ஜீப்பு பின்பக்கமாக வந்தது. என் குரல் வந்து, ஒரு நாள் கடையைத் திறந்து சாத்திவிட்டு, "ம்... இப்ப நீங்க சொல்லுங்க மதினி" என்றது.